தொகுப்பில் யாருடைய கை?

தில்லி மெட்ரோவின் மஞ்சள் தடத்தில் ஹவுஸ் காஸ் நிலையத்தை விட்டு மேலேறி வருபவருக்கு, நடந்தோ சிறிது நேர ஆட்டோப் பயணத்திலோ எட்டிவிடக்கூடிய மூன்று இடங்கள் உள்ளன. ஒன்று, 1986இல் தொடங்கப்பட்ட நிஃப்ட் எனும் தேசிய ஆடை அலங்காரத் தொழில்நுட்ப நிறுவனம். இரண்டாவது, 2022இல் இளநிலை வடிவமைப்புப் பட்டப்படிப்பைத் தொடங்கிய ஐ.ஐ.டி. தில்லி. மூன்றாவது, காலு சராய். பொறியியல் நுழைவுத் தேர்வுப் பயிற்சிக்குப் பெயர் பெற்ற இக்குறுகிய தெருக்களின் வணிக முறை அங்கேயே நின்றுவிடவில்லை. லஜ்பத் நகர், சவுத் எக்ஸ்டென்ஷன், பீதம்புரா என நகரின் நாற்புறமும் வடிவமைப்புப் பயிற்சிக்கான பலகைகள் தொங்குகின்றன. நவம்பர் முதல் பிப்ரவரி வரை அங்கே கூட்டம் மிகுதி. அமெரிக்கக் கல்லூரிகளின் முதற்கட்ட விண்ணப்பம், என்.ஐ.டி. முதல்நிலைத் தேர்வு, ஐ.ஐ.டி. மும்பை நடத்தும் யூசீட், நிஃப்ட் நுழைவுத் தேர்வு ஆகியவை இம்மாதங்களில்தான் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன.

இம்மையங்கள் விற்கும் பொருள்களுள் மிகவும் விலை கூடியதும், மிகக் குறைவாகப் பேசப்படுவதும் போர்ட்ஃபோலியோ எனப்படும் படைப்புத் தொகுப்பு. நுழைவுத் தேர்வுப் பயிற்சியைப் பற்றி எவரும் வெளிப்படையாகப் பேசுவர். தொகுப்புப் பயிற்சியைப் பற்றிப் பேசும்போது மட்டும் பெற்றோரின் குரல் சற்றுத் தாழ்கிறது. அத்தாழ்வுக்குக் காரணம் உண்டு. கணிதத்தில் தனிப்பயிற்சி பெற்ற மாணவர் தேர்வறையில் தனித்தே அமர்ந்து எழுதுகிறார். தொகுப்பு அப்படியன்று, அது வீட்டிலும் மையத்திலும் உருவாகித் தபாலிலோ இணையத்திலோ போய்ச் சேருகிறது. அதில் யாருடைய கை எவ்வளவு பட்டிருக்கிறது என்பதைத் தாளைப் பார்த்து அறிய வழியில்லை.

மையங்களில் நடப்பது பெரும்பாலும் இதுதான். தொகுப்பில் எத்தனை படைப்புகள் வேண்டும் என்பது முதலில் கணக்கிடப்படுகிறது. எடுத்துக்காட்டாக, அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் வடிவமைப்புப் பள்ளி 12 முதல் 20 படைப்புகள் வரை கேட்கிறது. அவ்வெண்ணிக்கை மாதங்களால் வகுக்கப்படுகிறது. ஒரு நிலைப்பொருள் ஓவியம், ஓர் உருவப்படம், ஒரு தெருக்காட்சி, நாட்டார் கலையின் சாயல் கொண்ட ஒன்று, சுற்றுச்சூழல் பற்றிய சுவரொட்டி ஒன்று, மறுசுழற்சிப் பொருளில் செய்த விளக்கு ஒன்று எனப் பட்டியல் தயாராகிறது. மாணவர் வரைகிறார், ஆசிரியர் "கொஞ்சம் சரிசெய்கிறார்". எங்கே சரிசெய்தல் முடிகிறது, எங்கே வரைதல் தொடங்குகிறது என்பதை இருவருமே உற்று நோக்குவதில்லை. ஆண்டின் முடிவில் அழகிய தொகுப்பு ஒன்று கையில் இருக்கிறது. அதே மேசையில் அமர்ந்த இன்னும் பத்துப் பேரின் கையிலும் ஏறத்தாழ அதே விளக்கும் அதே சுவரொட்டியும் இருக்கின்றன. வெளிநாட்டு விண்ணப்பத்துக்கான ஓராண்டுப் பயிற்சி இலட்ச ரூபாயைத் தாண்டுவது அரிதன்று.

இதைக் கண்டு பெற்றோரைப் பழிப்பது எளிது, நேர்மையன்று. பள்ளி தராததைத்தான் அவர்கள் வெளியே வாங்குகின்றனர். ஒவ்வொரு வகுப்புக்கும் வாரத்துக்கு இரண்டு பாடவேளைகளேனும் கலைக்கல்விக்கு ஒதுக்கப்பட வேண்டும் என்று 2019இல் சி.பி.எஸ்.இ. தன் பள்ளிகளுக்கு ஆணையிட்டது. ஆணை நல்ல ஆணை. ஆனால் ஒன்பதாம் வகுப்பைத் தாண்டிய பின் அப்பாடவேளை கணித ஆசிரியரிடம் "கடனாக" போய்விடுவதும், கடன் திரும்பி வராததும் பள்ளியில் படித்த அனைவரும் அறிந்த செய்தி. மேல்நிலையில் ஓவியத்தை ஒரு பாடமாகத் தேர்ந்துகொள்ள வாரியம் இடம் தருகிறது. எழுத்துத் தேர்வுக்கு 30, செய்முறைக்கு 70 மதிப்பெண்கள். செய்முறையின் ஒரு பகுதியே தொகுப்பு. முதற்கோட்டிலிருந்து முடிந்த படைப்புவரை ஆண்டு முழுவதும் செய்த வேலையின் பதிவு அதில் இருக்க வேண்டும் என்பதும், அவை பள்ளியிலேயே செய்யப்பட்டவை எனப் பள்ளி சான்றளிக்க வேண்டும் என்பதும் விதி. "யாருடைய கை?" என்னும் வினாவுக்கு நாட்டின் மிகப் பெரிய பள்ளி வாரியங்களுள் ஒன்று நெடுங்காலமாகவே விடை வைத்திருக்கிறது என்பது பலருக்கும் தெரியாது. அப்பாடத்தை நடத்த ஆசிரியரும் அறையும் இல்லாத பள்ளிக்கு அவ்விடையால் பயனில்லை என்பது வேறு செய்தி.

கலையில் பிறர் உதவியே கூடாது என்று வாதிடும் தூய்மையாளர்களும் உண்டு. "திறமை இருந்தால் தானே வெளிப்படும், பயிற்றுவித்த தொகுப்பு போலித் தொகுப்பு" என்பது அவர்கள் கட்சி. வரலாறு இதற்குச் சான்று சொல்லவில்லை. சிற்பியின் பட்டறையிலும் தறிக்கூடத்திலும் கற்பவர் பல ஆண்டுகள் ஆசானின் கோட்டின் மேலேயே கோடு இழுத்திருக்கின்றனர். படியெடுத்தல் அங்கே இழுக்கன்று, அதுவே பாடம். தில்லியிலும் கலைக்கான தனிப்பயிற்சி புதிதன்று. சுந்தரி ஸ்ரீதராணி 1950இல் தொடங்கிய திரிவேணி கலா சங்கம் தான்சேன் மார்கில் இன்றும் இயங்குகிறது. அதன் ஓவியப் பிரிவை 1967 முதல் பல பத்தாண்டுகள் வழிநடத்தியவர் ஓவியர் ராமேஷ்வர் புரூட்டா. நுழைவுத் தேர்வுக்காக அல்லாமல் வரையும் ஆவலுக்காகவே வந்து அமர்ந்த எத்தனையோ பேருக்கு அக்கூடம் இடம் கொடுத்தது. குழந்தைகளுக்காக நேரு காலத்தில் தொடங்கிய தேசிய பால பவனும், கேலிச்சித்திரக்காரர் சங்கர் 1950களின் தொடக்கத்தில் தொடங்கி வைத்த, குழந்தைகள் வந்த இடத்திலேயே அமர்ந்து வரையும் ஓவியப் போட்டியும் இந்நகரத்தின் பழைய சொத்துகள். அன்றைய போட்டித் திடலில் பெற்றோர் வேலிக்கு அப்பால் நின்றனர். இன்றைய தொகுப்புக்குத்தான் வேலி இல்லை.

எனவே உதவி பெறலாமா என்பது வினாவே அன்று. எத்தகைய உதவி என்பதே வினா. இதற்கு ஓர் எளிய அளவுகோல் உண்டு: தொகுப்பில் மாணவரின் பிழைகள் மிஞ்சியிருக்கின்றனவா? பதினேழு வயதினரின் தொகுப்பில் ஒரு கோணல் நாற்காலியும், அளவு தவறிய கையும், மூன்று முறை முயன்று கைவிட்ட ஒரு வடிவமும் இல்லையென்றால், அங்கே பெரியவர் ஒருவர் குடியிருந்திருக்கிறார் என்று பொருள்.

நல்ல ஆசிரியர் தாளைத் தொடுவதில்லை. வினா கேட்கிறார், வேறொரு தாளில் வரைந்து காட்டிவிட்டு அத்தாளைத் தம்மிடமே வைத்துக்கொள்கிறார், இருபதில் எதை நீக்குவது என்று சொல்கிறார், எந்த வரிசையில் அடுக்கினால் பார்ப்பவருக்கு மாணவரின் எண்ண ஓட்டம் தெரியும் என்று விளக்குகிறார். எல்லாவற்றுக்கும் மேலாக, மாணவரை அறைக்கு வெளியே அனுப்புகிறார். தில்லி நவம்பரில் நச்சுப் புகை மூடும் நாள்களில் அது இயலாது என்பது உண்மைதான். மற்ற நாள்களில், இந்தியாவின் வேறெந்த நகரத்துக்கும் வாய்க்காத அளவுக்கு இங்கே இலவச ஆசிரியர்கள் உள்ளனர்.

ஜன்பத்தில் உள்ள தேசிய அருங்காட்சியகத்தை எடுத்துக்கொள்ளலாம். மொஹெஞ்சதாரோவின் 'நடனப் பெண்' வெண்கலச் சிலையைப் பாடநூலில் படமாகப் பார்த்து வரையாத கலை மாணவர் அரிது. பாடநூல் படத்தில் அவள் ஆளுயரப் பெண்ணாகத் தோன்றுவாள். நேரில் அவள் உயரம் 10.5 செ.மீ.; ஓர் உள்ளங்கையில் நிற்கக்கூடியவள். இடுப்பில் ஊன்றிய கைக்கும் உடலுக்கும் நடுவே உள்ள வெற்றிடம் அச்சிறு உருவத்துக்கு எத்தனை துணிச்சலைத் தருகிறது என்பது கண்ணாடிப் பெட்டியின் முன் நின்று வரைபவருக்கே விளங்கும். அச்சிட்ட தாளைப் பார்த்து வரைந்தவரின் கோட்டில் அது ஏறாது. பைரோன் மார்கில் உள்ள கைவினை அருங்காட்சியகத்தில் கைவினைஞர்களே அமர்ந்து வேலை செய்வதைப் பார்க்கலாம். ஒரு மாலை முழுவதும் ஒரே ஒருவரின் கைகளை மட்டும் வரைந்த பத்துத் தாள்கள், மறுசுழற்சி விளக்கைவிட ஆயிரம் மடங்கு மேலான தொகுப்பு.

இங்கே என்.ஐ.டி.யின் பிறப்பை நினைவுகூர்வது பொருந்தும். அகமதாபாதில் 1961இல் அந்நிறுவனம் உருவாவதற்கு வழி வகுத்தது, அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் இணையர் 1958இல் இந்திய அரசுக்கு அளித்த அறிக்கை. இந்தியாவில் தாம் கண்ட பொருள்களுள் அவர்கள் பெரிதும் வியந்தது லோட்டாவை. நம் வழக்கில், சொம்பை. அதில் எவ்வளவு நீர் கொள்ள வேண்டும், தலையிலா இடுப்பிலா கையிலா எதில் ஏந்திச் செல்வது, நிறைந்திருக்கையில் எடை எங்கே நிற்கும், கழுவக் கை உள்ளே போகுமா, தட்டினால் என்ன ஒலி எழும் என்று ஒரு சொம்பை வடிவமைக்க எண்ண வேண்டியவற்றை அவர்கள் அடுக்கிக்கொண்டே போயினர். தனியொருவர் அமர்ந்து இதனை வடிவமைத்திருக்க இயலாது, தலைமுறைகள் செய்த வேலை இது என்பதே அவர்கள் கண்ட முடிவு.

இதைவிடச் சிறந்த தொகுப்புப் பயிற்சி வேறு உண்டா என்பது ஐயமே. ஆர்.கே. புரத்திலோ முனிர்க்காவிலோ வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்றின் சமையலறையில் டபராவும் டம்ளரும் இருக்கும். டம்ளரின் விளிம்பு ஏன் வெளிப்புறம் மடிந்திருக்கிறது? சுடும் காப்பியை எங்கே பிடித்துத் தூக்குவது? ஆற்றும்போது நீரிழை சிந்தாமல் விழுவதற்கும் அவ்விளிம்புக்கும் தொடர்பு உண்டா? டபராவின் அகலம் எதனால்? ஒரு மாணவி இவ்வினாக்களோடு இருபது தாள் வரையட்டும். பாட்டி ஆற்றுவதையும் அப்பா ஆற்றுவதையும் தனித்தனியே வரையட்டும். காகிதத்தில் மாதிரி செய்து, நீர் ஊற்றிச் சிந்தவிட்டு, அந்தத் தோல்வியையும் ஒட்டி வைக்கட்டும். தேர்வுக் குழு இதுவரை பார்த்திராத ஒரு தொகுப்பு அது. அதற்கு இலட்ச ரூபாய் தேவையில்லை; வாரத்தில் ஒரு மணி நேரம் அருகிருந்து வினா கேட்கும் ஒருவர் தேவை.

கோல நோட்டும் அத்தகையதே. புள்ளிக் கணக்கைத் தலைப்பில் எழுதி, பென்சிலால் போட்டு அழித்து, பக்கத்து வீட்டாரிடமிருந்து படியெடுத்து, மார்கழிக்கு மார்கழி நிரம்பிய நோட்டுகள் தில்லித் தமிழ் வீடுகளின் பரண்களில் இருக்கின்றன. பயிற்சி மையத்தில் 'நாட்டார் கலை' என்றவுடன் மதுபனி மீனும் வார்லி மனிதனும் வந்து நிற்கின்றன. அவற்றை அறியாத வீட்டுப் பிள்ளையும் அவற்றையே வரைகிறது. அம்மாவின் கோல நோட்டை எடுத்து வா என்று சொல்ல அங்கே யாருக்கும் தோன்றுவதில்லை. சென்னை கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் 1974லேயே கோலத்தின் இலக்கணத்தைக் கணினியியலின் மொழியில் ஆராய்ந்து எழுதினர் என்பதும், அவ்வாய்வு பிற நாட்டு அறிஞர்களால் இன்றும் எடுத்தாளப்படுகிறது என்பதும் அம்மேசைக்கு எட்டவில்லை.

செய்முறைப் பதிவைக் கேட்டால் போலி ஒழியுமா எனில், முற்றாக ஒழியாது. ஐ.பி. பாடத்திட்டத்தின் காட்சிக்கலைப் பாடம் முயற்சிகளின் பதிவையே தனியே மதிப்பிட்டு வந்திருக்கிறது, அமெரிக்க ஏ.பி. கலைத் தேர்வு ஒரே தேடலைத் தொடர்ந்து செய்த 15 படங்களைக் கேட்கிறது, அவற்றில் சோதனையும் திருத்தமும் தெரிய வேண்டும் என்கிறது. இதற்கும் சந்தை விடை கண்டுவிட்டது. முடிந்த படைப்பை முதலில் செய்துவிட்டு, அதற்கான 'முயற்சித் தாள்களை' பின்னால் உற்பத்தி செய்வது இப்போது ஒரு தனிக்கலை. தேநீர்க் கறை வைத்துத் தாளைப் பழசாக்கும் உத்தியும் அதில் அடங்கும். சொற்களை இட்டால் படம் வரைந்து தரும் செயலிகள் வந்த பின் இது இன்னும் எளிதாயிற்று. நம் நிறுவனங்கள் ஓரளவு இதை அறிந்தே இருக்கின்றன. நிஃப்ட் தன் சூழ்நிலைத் தேர்வில் பொருள்களைக் கையில் கொடுத்து அங்கேயே மாதிரி செய்யச் சொல்கிறது. என்.ஐ.டி. இரண்டாம் நிலையில் பணிக்கூடத் தேர்வு வைக்கிறது. யூசீட்டின் இரண்டாம் பகுதி கையால் வரைய வேண்டியது. தொகுப்பைக் கேட்கும் தனியார் பல்கலைக்கழகங்கள், தொகுப்பில் உள்ள ஒரு படைப்பை எடுத்து, "இதன் அடுத்த தாளை இங்கேயே வரை" என்று கேட்டால் போதும். அரை மணி நேரத்தில் உண்மை தெரிந்துவிடும். அதைச் செய்ய அவற்றைத் தடுப்பது செலவன்று. இடங்களை நிரப்ப வேண்டிய அவசரம்.

இவ்விவாதத்தில் யாருமே பேசாத ஒரு கூட்டம் உண்டு. மேற்குத் தில்லியின் உத்தம் நகரில் குயவர் குடியிருப்பு இருக்கிறது. சக்கரத்தின் அருகில் வளர்ந்த பிள்ளைக்கு, பானையின் சுவர் எங்கே மெலியலாம், எங்கே மெலியக்கூடாது என்பது விரல்நுனியில் தெரியும். ஈம்ஸ் இணையர் சொம்பில் கண்டு வியந்த அறிவின் வாரிசு அப்பிள்ளைதான். ஆனால் 'தொகுப்பு' என்ற சொல்லோ, தன் படைப்பைப் பற்றி ஆங்கிலத்தில் எழுத வேண்டிய இருநூறு சொல் குறிப்போ அதற்குப் பழக்கமில்லை. நிஃப்ட் கைவினைஞர்களுக்கும் அவர்தம் பிள்ளைகளுக்கும் தனிச் சேர்க்கை வழி ஒன்றை வைத்திருப்பது பாராட்டத்தக்கது. எனினும் வாசலைத் திறந்து வைப்பதும் வாசல்வரை அழைத்து வருவதும் ஒன்றல்ல. பட்டியலின மாணவர்களுக்காகத் தில்லி அரசு 2018இல் தொடங்கிய 'ஜெய் பீம்' இலவசப் பயிற்சித் திட்டம் பொறியியல், மருத்துவம், அரசுப் பணி ஆகியவற்றைக் கருதி எழுந்தது. அதே மாதிரியில் வடிவமைப்புத் தொகுப்புக்கும் அரசு உதவி அளிக்கலாம். மாணவருக்கு வேண்டியது நல்ல தாள், சாயம், கேமரா ஒன்று, வாரம் ஒருமுறை வந்து அமரும் ஆசிரியர் ஒருவர். பொறியியல் பயிற்சியைவிட மிகக் குறைந்த செலவு.

ஆசிரியரை எங்கே தேடுவது என்பதற்கும் விடை அருகிலேயே இருக்கிறது. பள்ளியில் சான்றிதழில் கையெழுத்திடும் ஓவிய ஆசிரியர்தான் அவர். சமூகம் அவரை நடத்தும் விதத்தைத் தமிழ்நாட்டு எடுத்துக்காட்டு ஒன்றே காட்டும். 2012இல் ஓவியம், தையல், இசை, உடற்கல்வி உள்ளிட்ட பாடங்களுக்காக 16,500க்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்கள் அரசுப் பள்ளிகளில் அமர்த்தப்பட்டபோது மாதத் தொகுப்பூதியம் 5,000 ரூபாய். பின்னர் அது சிறிது சிறிதாக உயர்ந்தது; பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் வீதியில் அமர்ந்ததும் நாடறிந்தது. ஓவிய ஆசிரியருக்கு இத்தொகையைக் கொடுத்துவிட்டு, பிள்ளையின் தொகுப்புக்காகத் தனியாரிடம் இலட்சத்தை எண்ணும் நாட்டில் கலைக்கல்வியின் தரத்தைப் பற்றி வியப்படைய எதுவுமில்லை.

தில்லித் தமிழர்க்கு இதில் தனிப்பட்ட வாய்ப்பு ஒன்று இருக்கிறது. 1923இல் தொடங்கிய தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் ஏழு பள்ளிகளை நடத்துகிறது. 1946இல் உருவான தில்லித் தமிழ்ச் சங்கத்துக்கு ஆர்.கே. புரத்தில் சொந்தக் கட்டடமும் நூலகமும் அரங்கும் உள்ளன. அங்கே பட்டிமன்றம் நடக்கிறது, இசை நிகழ்ச்சி நடக்கிறது, பொங்கல் விழாவில் கோலப் போட்டியும் நடக்கிறது. போட்டி முடிந்ததும் கோலம் கூட்டிப் பெருக்கப்படுகிறது, அது இயல்பு. ஞாயிறு காலை இரண்டு மணி நேரம், நீளமான மேசை நான்கு, ஓய்வு பெற்ற ஓவிய ஆசிரியர் ஒருவர், இந்நகரத்தின் கலை, வடிவமைப்புக் கல்லூரிகளில் படிக்கும் தமிழ் மாணவர் இருவர் மூவர் இருந்தால் அங்கே ஒரு தொகுப்புக் கூடம் தொடங்கிவிடலாம். கட்டணம் வேண்டாம், விதி ஒன்று மட்டும் வேண்டும். மாணவரின் தாளில் வேறெவரும் பென்சில் வைக்கக்கூடாது. உத்தம் நகர்ப் பிள்ளைகளையும் அழைக்கலாம். அவர்களுக்குத் தமிழ் தெரிய வேண்டியதில்லை, களிமண்ணைப் பற்றி அவர்கள்தாம் மற்றவர்க்குச் சொல்லித் தருவார்கள்.

அடுத்த ஆண்டு விண்ணப்பிக்கப்போகும் மாணவர்கள் இப்போது பதினோராம் வகுப்பில் இருக்கின்றனர். மையங்களின் புதிய அணிக்கான சேர்க்கை ஏப்ரலில் தொடங்கும். மேசைகளை அதற்கு முன் போட்டுவிட முடியும்.